பட்டமும் பொறுப்பும்

மாணவரின் அறிவை அளந்து மதிப்பெண் இடுவது கல்விக்கூடத்தின் கடமை. அம்மாணவர் கற்று வெளியேறியபின் பெற்ற பயனைக் கொண்டு அக்கல்விக்கூடத்தையே அளப்பது யார் கடமை? சிங்கப்பூரில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது நன்யாங் பல்கலைக்கழக வரலாற்றிலேயாம்.

சீனமொழிப் பள்ளிகளில் பயின்றோர்க்கு ஆங்கிலவழி மலாயாப் பல்கலைக்கழகம் எட்டாக்கனியாக இருந்தது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறியபின் அங்குச் சென்று கற்பதும் அரிதாயிற்று. 1953இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீனமொழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவ 50 இலட்சம் வெள்ளி வழங்க முன்வந்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங் வட்டாரத்தில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அளித்தது. டிரைஷா மிதித்தோரும் வாடகைக்கார் ஓட்டியோரும் தம் உழைப்பின் ஊதியத்தை ஈந்தனர். 1956இல் வகுப்புகள் தொடங்கின.

ஏழையர் ஈந்த பொருளால் எழுந்த நிறுவனமாயினும் தரம் பற்றிய வினாவிற்கு அது விடையிறுக்கவே வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரெஸ்காட் தலைமையில் அமைந்த குழு, 1959இல் அதன் நிருவாகத்திலும் கற்பித்தலிலும் குறைகளைச் சுட்டி, அப்போதைக்குப் பட்டங்களை ஏற்குமாறு பரிந்துரைக்க இயலாது என்றது. மறு ஆண்டே முதல் பட்டதாரிகள் வெளிவந்தனர். 1965இல் வாங் குங்வு தலைமையிலான குழு பாடத்திட்டச் சீர்திருத்தங்களை முன்வைத்தது. 1968இல்தான் அரசு அப்பட்டங்களை ஏற்றது.

இடைப்பட்ட எட்டாண்டுகள் யாருடைய ஆண்டுகள்? குறை நிறுவனத்தினுடையது, தீர்ப்பு அரசினுடையது, சுமையோ வேலை தேடி அலைந்த இளைஞருடையது. ஈண்டு வரலாறு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.

ஏற்பு வந்தும் இடர் தீரவில்லை. தொழில்துறை ஆங்கிலத்தை நாடியது. சீனவழிக் கல்வியில் சேர்வோர் குறைந்தனர். 1980இல் நன்யாங், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. தரம் உயர்த்துவது நிறுவனத்தின் கையில் இருந்தது. எம்மொழிக்கு வேலை உண்டு என்பதோ அதன் கையில் இல்லை.

தமிழர்க்கும் இக்கதை அயலானதன்று. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தோற்றுவித்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, மாணவர் தொகை அருகி 1982இல் மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி அது. மறு ஆண்டே அப்பெயர் தாங்கித் தோன்றிய தமிழ்மொழி நிலையம், இன்று லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் தமிழ் பயிற்றுகிறது.

இன்று சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுள் எத்தனை பேர் வேலை பெற்றனர், என்ன ஊதியம் பெற்றனர் என்னும் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. சேருமுன்னரே மாணவர் அதனைக் காண இயலும் என்பது நன்யாங் இளைஞர்க்குக் கிட்டாத நற்பேறு. எனினும் வேலைக்கணக்கு கல்லூரியின் உழைப்பை மட்டும் காட்டுவதன்று. அந்நாட்டுப் பொருளியலின் விருப்பு வெறுப்பையும் சேர்த்தே காட்டுவது. ஆதலின் கல்விக்கூடத்தைக் கணக்குக் கேட்போர், பட்டத்திற்கு விலை குறிக்கும் அரசையும் வேலை தருவோரையும் அக்கணக்கினின்று விலக்குதல் தகாது. விலக்கின், எஞ்சிய கடனை என்றும் மாணவரே இறுப்பர்.