வுல்பெண்டால் தேவாலயம்: பேராயர் இல்லாத திருச்சபையின் வழிபாடும் வாழ்வும்

பேலியகொடையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து கொழும்புக்குள் வருபவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினால், சிறிது தூரத்துக்குள் பல வழிபாட்டு மரபுகளைக் கண்டுவிடலாம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், புனித லூசியா பேராலயம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே ஒரு மேட்டில் தடித்த சுவர்களோடு நிற்கிறது வுல்பெண்டால் தேவாலயம். உள்ளே சுரூபங்கள் இல்லை, மெழுகுவர்த்தி வரிசைகளும் இல்லை. ஒரு பிரசங்க மேடை, ஒரு மேசை, ஒரு ஞானஸ்நானத் தொட்டி, வாங்குகள், நிலத்தில் பதித்த கல்லறைக் கற்கள் ஆகியவையே கண்ணில் படும்.

இது ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயம். 2007இல் இத்திருச்சபை இலங்கை கிறிஸ்தவ சீர்திருத்தத் திருச்சபை என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஸ்கொட்லாந்தில் இதே மரபு பிரெஸ்பிற்றேரியன் என்று அழைக்கப்பட்டது. கொழும்பில் அந்தக் கிளையின் ஆலயம், கொள்ளுப்பிட்டி காலி வீதியிலுள்ள புனித அந்திரேயா ஸ்கொட்ஸ் கேர்க். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் ஜோன் கல்வின் வகுத்த திருச்சபை ஒழுங்கு.

மூப்பர்களின் சபை

பிரெஸ்பிற்றேரியன் என்ற சொல்லின் வேர் மூப்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இத்திருச்சபையில் பேராயர் இல்லை. சபையார் தெரிவுசெய்யும் மூப்பர்களும் போதகரும் ஒன்றாக அமர்ந்து சபையை நடத்துகிறார்கள். ஒல்லாந்த மரபில் அந்த மன்றம் கொன்சிஸ்டரி எனப்படும். ஸ்கொட்லாந்து மரபில் கேர்க் செசன். பல சபைகளுக்குப் பொதுவான மன்றம் அதற்கு மேலே உண்டு. அதன் தலைவர் மன்றத்தின் கூட்டத்தை நடத்துபவரே தவிர, மற்றப் போதகர்களுக்கு மேலான குரு அல்லர்.

மூப்பர்களோடு டீக்கன்மாரும் உண்டு. காணிக்கைப் பணத்தைப் பொறுப்பேற்று ஏழைகள், விதவைகள், நோயாளிகள் ஆகியோரைக் கவனிப்பது அவர்களின் வேலை. மூப்பர்களோ சபையாரின் வீடுகளுக்குச் சென்று நலம் விசாரிக்க வேண்டும். முற்காலத்தில் திருவிருந்துக்கு முன்னர் இந்தச் சந்திப்பு கட்டாயமாகவே இருந்தது. சண்டையில் இருப்பவர்கள் சமாதானமான பின்னரே மேசைக்கு வரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஞாயிறு வழிபாடு

இந்த மரபின் வழிபாட்டில் நடுநாயகமானது வேதவாசிப்பும் பிரசங்கமும். பழைய ஆலயங்களில் பிரசங்க மேடை எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்திக் கட்டப்பட்டதற்குக் காரணம் அதுவே. சபையார் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள், சங்கீதங்களும் கீர்த்தனைகளும் பாடுவார்கள், பரிந்து மன்றாடுவார்கள். தொடக்க காலத்தில் வேதாகமத்தின் சங்கீதங்களை மட்டுமே பாடும் வழக்கம் இருந்தது. பின்னர் அது தளர்ந்தது.

பலிபீடம் என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவதில்லை. அது திருவிருந்து மேசை. பழைய ஒல்லாந்த வழக்கப்படி ஆண்டுக்கு நான்கு தடவை அளவிலேயே திருவிருந்து நடக்கும். இன்று பல சபைகள் அடிக்கடி நடத்துகின்றன. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்தபின் அவர்கள் 1563இல் எழுதப்பட்ட ஹைடல்பேர்க் வினாவிடை போன்றவற்றைப் படித்து, சபையார் முன் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்னரே முழு உறுப்பினராகிறார்கள்.

தோம்பில் இருந்த பெயர்கள்

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் கைப்பற்றினர். சீர்திருத்தத் திருச்சபையே அவர்களது ஆட்சியின் திருச்சபை ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் தமிழ் கற்றார். ஊர்ப் பாடசாலைகளில் மதக் கல்வி நடந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளில் பதியப்பட்டன. உத்தியோகம் பெறவும் சொத்துரிமையை நிலைநாட்டவும் அந்தப் பதிவு தேவைப்பட்டது. ஆகவே பெயர்கள் பெருகின.

வுல்பெண்டால் ஆலயம் எழுந்தது இக்காலத்திலேயே. ஆளுநர் ஸ்ரைன் வான் கொல்லனெஸ் காலத்தில் 1749இல் கட்டத் தொடங்கி, 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிலுவை வடிவில், கபுக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கிருந்த குவாதலூப்பே மாதா ஆலயத்தின் பெயரை ஒல்லாந்தர் ஓநாயோடு தொடர்புபடுத்தி, ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் வுல்பெண்டால் ஆக்கினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்த ஆலயத்தின் கல்லறைகள் 1813இல் இங்கே மாற்றப்பட்டன.

தமிழர் வரலாற்றில் இத்திருச்சபைக்கு மறக்க முடியாத ஒரு பெயர் உண்டு: பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்து, இங்கிருந்த செமினரியில் கற்று, போதகரானவர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பு ஒல்லாந்த அச்சகத்தில் அச்சானது. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலில் அவருக்கும் இடம் கொடுத்தார்.

1796இல் ஆங்கிலேயர் வந்ததும் நிலைமை மாறியது. ஒல்லாந்த அரசின் ஆதரவு நின்றது. உத்தியோகத்துக்கு அந்தப் பதிவு தேவைப்படாமல் போனது. தோம்பில் பெயர் எழுதியிருந்தவர்களில் பெரும்பாலானோர் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் திரும்பினர். அல்லது எப்போதும் அங்கேயே இருந்தவர்கள் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். சட்டம் சேர்த்துக் கொடுத்த சபை, சட்டம் போனதும் கரைந்தது.

எஞ்சி நின்றது

ஆனாலும் திருச்சபை அழியவில்லை. மூப்பர்களைத் தெரிவுசெய்து, காணிக்கை சேர்த்து, தாமாகவே கூடிய சிறு சபைகள் எஞ்சின. நெடுங்காலம் அவற்றின் முதுகெலும்பாக இருந்தவர்கள் பறங்கியர். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில் அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தபோது மீண்டும் ஒரு வெறுமை ஏற்பட்டது. இன்று இத்திருச்சபை சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழிபடுகிறது. மொழியே பிரிவினையாகிப்போன நாட்டில், மூன்று மொழியினரும் ஒரே மன்றத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது சிறிய விடயமல்ல. எந்த மொழிச் சபையின் குரல் எவ்வளவு கேட்கிறது என்ற கேள்வியும் அதே மன்றத்துக்குள்தான் தீர்க்கப்பட வேண்டும்.

வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்களுக்கும் இந்த ஒழுங்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1816இல் வந்த அமெரிக்க மிசன் சபைகளிலும் பேராயர் இருக்கவில்லை. அவை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தபோது பேராயர் பதவியை ஏற்றுக்கொண்டன. சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரானார். சபையார் கூடித் தீர்மானிக்கும் பழக்கம் அங்கே பேராயரோடு சேர்ந்து தொடர்ந்தது.

மூப்பர் ஆட்சி குறையற்றதல்ல. சில குடும்பங்களே ஆண்டாண்டாக மூப்பர் பதவியில் இருந்துவிடலாம். ஒரு முடிவெடுக்கப் பல கூட்டங்கள் தேவைப்படும். ஆனால் மேலிருந்து வந்த ஆதரவு அற்றுப்போன இரண்டு தருணங்களிலும் இத்திருச்சபையைக் காத்தது இந்த ஒழுங்கே. வுல்பெண்டாலின் கல்லறைக் கற்களில் ஆளுநர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆலயம் இன்றும் வழிபாட்டிடமாக இருப்பதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்குகளில் வந்து அமர்ந்த, பெயர் பொறிக்கப்படாத சபையார்.