யாழ்ப்பாணத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள்

யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் 1619இல் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். நாற்பது ஆண்டுகூட நிறையாத அந்த ஆட்சி விட்டுச்சென்ற அலுமாரி, சப்பாத்து, வாங்கு, குசினி, பாண், தவறணை ஆகியவை இன்றும் குடாநாட்டுப் பேச்சில் உள்ளன. ஆசிய மொழிகளில் கலந்த இத்தகைய சொற்களை மொழியறிஞர் தல்காதோ 1913இல் நூலாகத் தொகுத்தார். மூலம் தெரிந்ததோடு ஆய்வு முடிந்ததென்று பலர் கருதுகின்றனர். அது போதாது. ஒரே சொல் தமிழகத்தில் ஒன்றையும் யாழ்ப்பாணத்தில் வேறொன்றையும் குறிப்பது ஏன் என்பதற்கு மூலத்தில் விடையில்லை. அந்தந்த ஊரில் அதற்கு அயலாக இருந்த சொற்களிலேயே விடை இருக்கிறது.

கோப்பை இதற்கு நல்ல சான்று. போர்த்துக்கேய மூலம் குடிக்கும் கலத்தைக் குறிப்பது, தமிழகத்திலும் அப்படியே. யாழ்ப்பாணத்திலோ கோப்பை என்றால் சோறு உண்ணும் தட்டு. ஐரோப்பிய உணவகங்களில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர் தம் தொழிலைக் 'கோப்பை கழுவுதல்' என்றதும் இப்பொருளில்தான். குடிக்கும் கலத்துக்கு யாழ்ப்பாணத்தில் பேணியும் மூக்குப்பேணியும் உறுதியாக நிலைத்திருந்ததால், புதிய சொல் உண்கலத்தின் பக்கம் ஒதுங்கியது எனலாம். 'தேத்தண்ணிக் கோப்பை' என்றும் சொல்கிறார்களே எனக் கேட்கலாம். உண்மை, ஆனால் அங்கே 'தேத்தண்ணி' என்ற அடை தேவைப்படுகிறது, தனித்து நிற்கும் கோப்பைக்குச் சோற்றுத் தட்டே பொருள். துருக்கியர் வழிப் பரவிய 'சராய்' செர்பிய மொழியில் அரண்மனையாகவும் ரஷ்ய மொழியில் கொட்டிலாகவும் பிரிந்ததும் இவ்வகைப்பட்டதே.

இச்சொற்கள் சிங்களம் வழியாக வந்தவை என்பது வலுவான மறுப்பு. கடதாசி அதற்குத் துணைநிற்பதுபோலத் தோன்றும்: தமிழகத்தில் கடுதாசி என்றால் மடல், இலங்கைத் தமிழிலும் சிங்களத்திலும் அது எழுதும் தாள். வாழைச்சேனையில் இருப்பதும் கடதாசி ஆலை. ஆனால் கோப்பை இந்த வாதத்தை முறிக்கிறது, ஏனெனில் சிங்களக் 'கோப்பய' குடிகலமே. சிங்களத்திலிருந்து வாங்கியிருந்தால் அப்பொருளும் கூடவே வந்திருக்கும். கடதாசியில் காணும் ஒற்றுமைக்கு வேறு காரணம் சொல்ல முடியும். ஆர்க்காட்டு நவாபுகளின் பாரசீக நிர்வாகம் தமிழகத்தில் காகிதம் என்ற சொல்லை வேரூன்றச் செய்தது. தாளின் இடம் நிரம்பியதால் கடுதாசி மடலாகச் சுருங்கியது. இலங்கையில் பாரசீக நிர்வாகம் இருந்ததில்லை, எனவே இரு மொழிகளிலும் அந்த இடம் போர்த்துக்கேயச் சொல்லுக்குக் கிடைத்தது.

ஒல்லாந்தச் சொற்களிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. கக்கூசு இரு கரைகளுக்கும் பொது. கந்தோரோ, ஒல்லாந்தர் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்டும் அங்கே ஊன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் முதியோர் இன்றும் அலுவலகத்தைக் கந்தோர் என்கின்றனர். பிரித்தானியர் வழி வந்த கச்சேரி, பாட்டுக் கச்சேரியோடு, குடாநாட்டில் அரச அதிபரின் பணிமனைக்கும் பெயராயிற்று.