உயிரிப் பயங்கரவாதம்: மருத்துவப் பணியாளரின் அறிவும் ஆயத்தமும்

நோய்க்கிருமியையோ அதன் நச்சையோ வேண்டுமென்றே பரப்பி நோயும் அச்சமும் விளைவிப்பது உயிரிப் பயங்கரவாதம். 1346-இல் கிரிமியாவின் காஃபா கோட்டைக்குள் பிளேக் பிணங்கள் வீசப்பட்டதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. நகரில் நோய் புகுந்தது அதனால்தானா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கொரியப் போர்க்காலத்தில் உயிரித் தாக்குதல் பற்றிய அச்சத்தில், 1951-இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணியைத் தொடங்கினார். 1984-இல் ஓரிகன் மாநிலத்தின் தி டால்ஸ் ஊரில் இந்தியச் சாமியார் ரஜனீஷின் சீடர்கள் சிலர் உணவகச் சாலட்டுகளில் சால்மோனெல்லாவைக் கலந்தனர். 751 பேர் நோயுற்றனர். கிருமி எது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. பழியோ உணவைக் கையாண்ட ஊழியர்களின் சுத்தக் குறைவின் மேல் விழுந்தது. ஓராண்டு கழித்து அவர்களின் ஆசிரமத்துக்குள் பிளவு வந்த பின்பே உண்மை வெளிப்பட்டது.

மருத்துவப் பணியாளரின் ஆயத்தம் உண்மையில் எதில் அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் 2001-இன் இலையுதிர் காலத்தைச் சேர்ந்தவை. அக்டோபர் 2 அன்று காய்ச்சலும் மனக்குழப்பமுமாக 63 வயதுப் புகைப்பட ஆசிரியர் ஒருவர் ஃப்ளோரிடா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தண்டுவட நீர் கலங்கலாக இருந்தது. கிராம் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் கோல் வடிவ பாக்டீரியாக்கள் சங்கிலியாய்க் கோத்து நின்றதைக் கண்ட தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ், ஆந்த்ராக்ஸ் என ஐயுற்றார். நம் கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான் அது. மூச்சுவழி ஆந்த்ராக்ஸை அமெரிக்கா 1976-க்குப் பின் கண்டதில்லை. மாதிரி ஜாக்சன்வில் அரசு ஆய்வகத்துக்குப் போனது. இரண்டே நாளில் நோய் உறுதியாயிற்று, மறுநாள் நோயாளி இறந்தார். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் அதற்கு முன்பே சிலருக்குத் தோலில் ஆந்த்ராக்ஸ் புண் வந்திருந்தும் அது உறுதி செய்யப்படவில்லை. ஏழு மாதக் குழந்தை ஒன்றின் புண் சிலந்திக்கடியாகக் கருதப்பட்டது. ஃப்ளோரிடாச் செய்தி பரவியதும் அதே புண்கள் அடையாளம் காணப்பட்டன. ஆந்த்ராக்ஸ் தூள் அஞ்சலில் அனுப்பிய கடிதங்களில் வைக்கப்பட்டிருந்தது. மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம்.

நோய்ப்பட்டியலை மனப்பாடம் செய்வது ஆயத்தமாகாது என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது. பொருந்தாத ஒன்றை உதறிவிடாமல் நின்று பார்ப்பதும், யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்று தெரிந்திருப்பதும் அதைவிட முக்கியம். பயிற்சியால்தானே ஜாக்சன்வில் விரைவாகச் செயல்பட்டது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் 1999-இல் அமைந்த ஆய்வக வலையமைப்பு தந்தது சோதனை முறையும் மாதிரி போக வேண்டிய பாதையும்தான்; முதலில் ஐயுற்றது மருத்துவர். எல்லோரும் விழித்திருந்தால் போதும் என்பதும் நிற்காது. நாடே ஆந்த்ராக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அக்டோபர் 21 அன்று வாஷிங்டன் அஞ்சல் ஊழியர் ஒருவர் அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு மறுநாள் இறந்தார். மூடிய உறையிலிருந்து தூள் கசியாது என்ற எண்ணத்தில், கடிதங்களைக் கையாண்டவர்கள் ஆபத்து வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தனர். மருத்துவரின் ஐயம் மேலிருந்து வரும் தகவலைத் தாண்டிச் செல்வது கடினம். பல நாடுகளில் செவிலியரிடமும் மருத்துவரிடமும் நடந்த கேள்வித்தாள் ஆய்வுகள் குறைந்த மதிப்பெண்களைச் சுட்டிக் கவலைப்படுகின்றன. மதிப்பெண் நினைவாற்றலை அளக்கும். நள்ளிரவுப் பணியில் ஒருவர் அந்தத் தகட்டை இரண்டாம் முறை பார்ப்பாரா என்பதை அளக்காது.

கடிதங்களை அனுப்பியவர் ராணுவ ஆய்வக விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ் என்று அமெரிக்க அரசு 2010-இல் முடிவு கட்டியது. அறிவியல் சான்றை மட்டும் கொண்டு அப்படித் தீர்மானிக்க முடியாது என்று தேசிய அறிவியல் கழகக் குழு 2011-இல் கூறியது. உயிரித் தாக்குதல் அச்சம் தொடர, 2003-இல் சுமார் 5 லட்சம் மருத்துவப் பணியாளருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட அமெரிக்கா திட்டமிட்டது. போட்டுக்கொண்டவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அறியாமையே காரணம் என்பார் உண்டு. இல்லாத நோய்க்காகத் தடுப்பூசியின் இதய அழற்சி அபாயத்தை ஏற்க மறுத்தவர்கள் கணக்கறிந்தவர்கள் என்றும் வாதிடலாம். இந்தியாவிலும் இத்தகைய ஆயத்தத்துக்காகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உயிரியல் பேரிடர்களுக்கான வழிகாட்டுதலை 2008-இல் வெளியிட்டது.