கண் மருத்துவக் கலைச்சொல்லும் கூட்டு நூலாக்கமும்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர், கண்நோய்ப் பெயர்களை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கேட்க நேர்கிறது. கண்புரையை இந்தியில் ‘மோத்தியாபிந்து’ என்பர்; முத்துத்துளி என்பது பொருள். கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய்க்கு இந்தியில் ‘காலா மோத்தியா’ என்ற பெயர் வழங்குகிறது. இது கறுத்த புரை என்ற மயக்கத்தைத் தருகிறது. புரையால் மங்கிய பார்வை பெரும்பாலும் அறுவை மருத்துவத்தால் மீளும். கிளாக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. புரை முற்றட்டும் எனக் காத்திருப்பதுபோல் இதற்கும் காத்திருப்பவர் பார்வையையே இழப்பர். மராத்தியில் ‘மோத்திபிந்து’, ‘காச்பிந்து’ எனப் பெயர்கள் வேறுபடினும் ‘பிந்து’ இரண்டிற்கும் பொதுவாகவே நிற்கிறது.

இம்மயக்கம் இந்திய மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. ‘கிளாக்கோமா’ என்பதே நீலப்பசுமை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. புரை என்பது கண்வில்லையின் மங்கலே என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ 1705இல் காட்டும்வரை, இரு நோய்களின் எல்லையும் ஐரோப்பாவில் தெளிவுபடவில்லை. தமிழிலுள்ள ‘கண்ணழுத்த நோய்’ இவ்வகையில் மேலானது. எனினும் அழுத்தம் இயல்பளவில் இருக்கும்போதே பார்வை நரம்பு நலிவதும் உண்டு. ஆதலின் “அழுத்தம் சரியாக உள்ளது” என்று கேட்ட நோயாளர், நோயே இல்லையெனக் கொள்ள இடமுண்டு.

இத்தகைய சிக்கல்களைத் தனியொருவர் தீர்த்தல் அரிது என்பதை யாழ்ப்பாண வரலாறு உணர்த்துகிறது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர்தம் மாணவரும் இணைந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலியன அவ்வாறு வெளிவந்தவை. சொற்களை முதலில் தமிழ் நூல்களிலும், பின்னர் வடமொழியிலும் தேடுவதும், இரண்டிலும் கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப ஆள்வதும் அவர் நெறி. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியை விடவில்லை. கடல்வழி வந்த மொழிபெயர்ப்புகளைத் திருத்தி அனுப்பினார்.

அக்கூட்டுமுறையை இன்று இணையம் விரைவுபடுத்தியுள்ளது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2010இல் தொடங்கிய ‘ஐவிக்கி’யில் கண் மருத்துவர்களே கட்டுரை எழுதுகின்றனர், துறைசார்ந்த பதிப்பாளர்கள் அவற்றை மேற்பார்க்கின்றனர். புதிய ஆய்வு வந்தவுடன் பதிவைத் திருத்த முடிவது இதன் வலிமை. ஆயினும் இது மருத்துவர் மருத்துவருக்கு எழுதுவது. நோயாளரின் சொல் இதன் முதன்மை நோக்கமன்று.

தமிழில் இத்தகைய நோக்கு நூல் அமையுங்கால், ஒவ்வொரு பதிவிலும் மூன்று கூறுகள் இடம்பெறல் வேண்டும்: மருத்துவர் ஆளும் கலைச்சொல், மக்கள் வழங்கும் பெயர், அப்பெயர் தோற்றுவிக்கக்கூடிய தவறான பொருள். முதலாவதை மருத்துவர் தருவர். ஏனைய இரண்டையும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் களத்தில் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். பன்மொழிச் சூழலாகிய மும்பை அதற்கு ஏற்ற களமாகும். ‘காலா மோத்தியா’ என்ற சொல்லுக்கு நேராக “இது புரையன்று, காத்திருத்தல் கூடாது” என்னும் குறிப்பு இடம்பெறின், அவ்வொரு வரியே சிலருடைய பார்வையைக் காக்கக்கூடும்.