யோக வகுப்பும் அதன் குறிக்கோளும்

எச்செயலைத் தொடங்குவோர்க்கும் முதலில் வேண்டுவது, அது எதற்காகச் செய்யப்படுகிறது என்னும் தெளிவு. உழவன் நிலத்தைப் பார்த்து விதையைத் தெரிவு செய்கிறான். மருத்துவன் நோயறிந்து மருந்து தருகிறான். யோகப் பயிற்சிக்கும் இவ்விதி பொருந்தும். மாலை நேரத்தில் மண்டபமொன்றில் இருபது பேர் பாய் விரித்து அமர்கின்றனர். அவர்களுள் முதுகுவலியால் வாடுபவர் ஒருவர்; உறக்கமின்றித் தவிப்பவர் ஒருவர்; உடலை வளைத்துக் காட்ட விரும்பும் இளைஞர் ஒருவர்; மன அமைதி நாடி வந்த முதியவர் ஒருவர். இவர்கள் அனைவர்க்கும் ஒரே ஒரு மணி நேரத்தை வகுத்தளிக்கும் ஆசிரியர் எதை இலக்காகக் கொள்வது? இவ்வினா இன்று எழுந்ததன்று. யோகம் குருவின் குடிலை விட்டு வகுப்பறைக்குள் நுழைந்த நாளிலேயே இதுவும் உடன் நுழைந்தது.

பழைய நூல்களின் நோக்கம்

பண்டைய நூல்களில் குறிக்கோள் பற்றிய ஐயம் எழுவதில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 195 அல்லது 196 என எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே. ஏனையவை மனத்தை அடக்கி விடுதலை பெறும் நெறியைப் பற்றியே பெரிதும் விரித்துரைக்கின்றன. தமிழில் திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளாக யோகத்தை விளக்குகிறது. அங்கும் உடற்பயிற்சி ஒரு படியே. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை ஆசனங்களுக்கு மிகுந்த இடம் தந்தபோதும், அது எடுத்துக் கூறும் ஆசனங்கள் பதினைந்தே. அந்நூலுக்கும் உடற்பயிற்சி உயர்ந்த யோகத்திற்கு ஏறும் ஏணிதான்.

அக்காலத்தில் ஆசிரியர் ஒருவர். மாணாக்கர் ஒருவர் அல்லது மிகச் சிலர். மாணாக்கனின் உடல்நிலை, வயது, மனப்பக்குவம் ஆகியவற்றைக் குரு ஆண்டுக்கணக்கில் அருகிருந்து அறிவார். இறுதி இலக்கு ஒன்றே. அடுத்த படி எது என்பதைக் குருவே முடிவு செய்வார். ஆதலால் 'வகுப்புத் திட்டம்' என ஒன்று தனியே தேவைப்படவில்லை.

வகுப்புப் பிறந்த காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறியது. மால்சரைச் சேர்ந்த பரமஹம்ச மாதவதாசரின் மாணாக்கர் இருவர் இம்மாற்றத்திற்கு வழி வகுத்தனர். ஒருவர் யோகேந்திரர். அவர் 1918ஆம் ஆண்டில் பம்பாயின் வெர்சோவாக் கடற்கரையில் யோக நிலையத்தைத் தொடங்கினார். இல்லறத்தாரின் உடல்நலமே அவர் முன்வைத்த முதல் நோக்கம். மற்றவர் சுவாமி குவலயானந்தர். 1924ஆம் ஆண்டில் லோணாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய அவர், அதே ஆண்டில் 'யோக மீமாம்சை' என்னும் ஆய்விதழையும் வெளியிட்டார். நௌலிப் பயிற்சியின்போது குடலினுள் அழுத்தம் குறைவதைக் கருவிகொண்டு அளந்தவர் அவர். ஒரு பயிற்சி உடலின் எவ்வுறுப்பில் என்ன விளைவை உண்டாக்குகிறது என அறிந்த பின்னரே அதனை இன்னார்க்கு இன்ன அளவில் தரவேண்டும் என்பது அவரது ஆய்வுகளின் சாரம்.

இவ்விரு முயற்சிகளாலும் யோகத்தின் குறிக்கோள் பலவாயிற்று. வீடுபேறு என்னும் ஒற்றை இலக்கோடு நோய் தீர்த்தல், உடலுறுதி பெறுதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு பயிற்றுதல் ஆகிய இலக்குகளும் சேர்ந்துகொண்டன. இலக்குகள் பெருகியபோது அவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்னும் சிக்கலும் பிறந்தது.

மைசூர் அரண்மனையில்

இச்சிக்கலைத் தம் ஒரே வாழ்நாளில் இரு வேறு வழிகளில் எதிர்கொண்டவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888ஆம் ஆண்டில் பிறந்து 1989ஆம் ஆண்டில் நூறு வயதைக் கடந்து மறைந்த அப்பெரியார், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவைப் பெற்றவர். 1933ஆம் ஆண்டில் ஜகன்மோகன் அரண்மனையில் அவருக்கென யோகசாலை ஒன்று அமைந்தது. மறு ஆண்டே அவருடைய 'யோக மகரந்தம்' கன்னடத்தில் வெளிவந்தது.

யோகசாலைக்கு வந்தோரிற் பலர் துள்ளித் திரியும் சிறுவர்கள். அவர்களுடைய ஆற்றலுக்கு ஏற்ப, ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்திற்கு மூச்சோடு தாவிச் செல்லும் விரைவான முறையை ஆசிரியர் வகுத்தார். யோகத்தின் பெருமையை நாட்டுக்கு உணர்த்த வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். எனவே ஊர் ஊராகச் செயல்முறை விளக்கங்கள் நடைபெற்றன. கண்டோர் வியக்க வேண்டும் என்பதும் வகுப்பின் குறிக்கோள்களுள் ஒன்றாயிற்று.

அக்குறிக்கோளுக்கு ஒரு சிறுவன் கொடுத்த விலை வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஆசிரியருடைய மனைவியின் தம்பி அவன். பிள்ளைப் பருவத்தில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் எனப் பல நோய்களால் நலிந்து மெலிந்தவன். ஒருநாள் பெரிய மனிதர்கள் முன்னிலையில், கால்களை முன்னும் பின்னும் நேராக நீட்டித் தரையில் அமரும் அனுமனாசனத்தைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் பணித்தார். சிறுவன் அதனை அதற்குமுன் பழகியவனல்லன். காற்சட்டை இறுக்கமாக உள்ளது என்று சொல்லித் தப்ப முயன்றான். கத்தரிக்கோலால் அதன் ஓரங்கள் வெட்டப்பட்டன. அவன் செய்து முடித்தான். ஆனால் தசைகள் கிழிந்து, நெடுங்காலம் நடப்பதற்கே துன்புற்றான். இதனைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தவர் அச்சிறுவரே. உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காராக வளர்ந்தவர் அவர்.

இந்நிகழ்ச்சியை ஆசிரியரின் கடுமைக்குச் சான்றாக மட்டும் கொள்வது பொருந்தாது. அன்றைய மேடையின் நோக்கத்திற்கு அவ்வாசனம் பொருத்தமானதே, அவையோர் வியந்திருப்பர். பிழை நோக்கத்திலேயே இருந்தது. பார்ப்பவரின் வியப்பு இலக்காகும்போது, செய்பவரின் உடல் கணக்கில் வருவதில்லை. முன்தயாரிப்பு, படிமுறை, ஓய்வு ஆகிய மூன்றும் அங்கு இடமிழந்தன.

சென்னையில்

நாடு விடுதலை பெற்ற பின்னர் அரண்மனையின் ஆதரவு குன்றியது. 1950ஆம் ஆண்டில் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்திருந்த கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பக்கவாதத்தால் தாக்குண்ட சட்ட அறிஞர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்க வந்ததே இதற்குத் தொடக்கமாக அமைந்தது. இங்கு அவரை நாடி வந்தோர் பெரும்பாலும் நோயாளிகள், குடும்பத்தினர், முதியோர். மேடையும் இல்லை, மன்னரும் இல்லை. எதிரே இருந்தவர் தம் துன்பத்தோடு வந்த ஒரு மனிதர் மட்டுமே.

சூழ்நிலை மாறியதும் வகுப்பின் இயல்பும் மாறியது. வயதிற்கேற்ப மூன்று நிலைகளை அவர் வகுத்துக் கற்பித்தார். இளையோர்க்கு உடல் வளர்ச்சியும் ஆற்றலும். இல்லறத்தார்க்கு நலம் பேணுதலும் மூச்சுப் பயிற்சியும். முதியோர்க்கு உள்ளத்தை இறைவன்பால் செலுத்துதலும். ஒருவருக்கு உகந்தது மற்றொருவருக்குத் தீங்காகலாம் என்பதால் தனித்தனியே பயிற்சி அளித்தார்.

1960களின் தொடக்கத்தில் ஒருநாள், அவருடைய மகன் தேசிகாச்சார் வீட்டின்முன் ஒரு காட்சியைக் கண்டார். மேலைநாட்டுப் பெண்மணி ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆசாரம் மிகுந்த தம் தந்தையாரை மகிழ்ச்சியோடு கட்டித் தழுவினார். நெடுநாளாக மாத்திரையின்றி உறங்க இயலாதிருந்த அவர், முதன்முறையாக அதன் துணையின்றி உறங்கியிருந்தார். பொறியியல் படித்த இளைஞரான தேசிகாச்சார் தம் தொழிலைக் கைவிட்டுத் தந்தையிடம் மாணாக்கரானதற்கு இந்நிகழ்ச்சியே காரணம். அப்பெண்மணி நாடியது உறக்கம், பயிற்சி அதனையே இலக்காகக் கொண்டது, அதுவே கிட்டியது. மைசூரில் அவையோரின் கைத்தட்டலால் அளக்கப்பட்ட வெற்றி, சென்னையில் ஒரு பெண்ணின் ஓரிரவுத் துயிலால் அளக்கப்பட்டது.

தேசிகாச்சார் 1976ஆம் ஆண்டில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவி, தந்தையின் முறையைத் தெளிவான திட்டமாக எடுத்துரைத்தார். முதலாவது, மாணாக்கர் இன்று எந்நிலையில் உள்ளார் எனக் காணுதல். இரண்டாவது, அடைய வேண்டியதைத் தீர்மானித்தல். மூன்றாவது, அங்குச் செல்லும் படிகளை ஒழுங்குபடுத்துதல். நான்காவது, அங்கிருந்து பாதுகாப்பாக அன்றாட வாழ்வுக்குத் திரும்புதல். சான்றாக, தலைகீழாக நிற்கும் சிரசாசனம் ஒருநாள் வகுப்பின் இலக்கு எனின், அதற்குமுன் கழுத்தும் தோளும் முதுகும் எளிய அசைவுகளால் ஆயத்தமாக வேண்டும். அதன்பின் ஓய்வும், கழுத்தின் சுமையைத் தணிக்கும் மாற்று ஆசனமும் வரவேண்டும். மரமேறத் தெரிந்தவன் இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வகுப்பு முடிந்து வேலைக்குச் செல்பவர்க்கும் வீட்டுக்குச் சென்று உறங்கப் போகிறவர்க்கும் ஒரே முடிவு பொருந்தாது என்பதும் இம்முறையின் நுட்பம்.

மலாயாவில் தொடங்கிய ஒரு பாதை

மலேசியத் தமிழர்க்கு நெருக்கமான மற்றொரு வரலாறும் உண்டு. பாய்க்குப் பெயர்பெற்ற நெல்லைச் சீமைப் பத்தமடையில் 1887ஆம் ஆண்டில் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர் பாருவிலுமாகப் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். தோட்டப் பாட்டாளிகளின் நோயையும் வறுமையையும் நேரிற் கண்ட அவர், 1923ஆம் ஆண்டில் தாயகம் திரும்பித் துறவு பூண்டார். அவரே இரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். 1936ஆம் ஆண்டில் அவர் தெய்விக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

மருத்துவராயிருந்தவர் ஆதலால், பாமரரும் பின்பற்றத்தக்க எளிய முறையே அவர் நாடியது. அவருடைய மாணாக்கர் விஷ்ணுதேவானந்தர் 1959ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் நிலையம் அமைத்து, வகுப்புக்கு உறுதியான வடிவம் தந்தார். தொடக்க ஓய்வு, மூச்சுப் பயிற்சி, சூரிய வணக்கம், பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், நிறைவு ஓய்வு என அது அமைந்தது. ஆசனம், மூச்சு, ஓய்வு, உணவு, நற்சிந்தனையும் தியானமும் என்னும் ஐந்து கொள்கைகளுள் வகுப்பின் நோக்கம் அடங்கியது. எந்நாட்டில் எந்நிலையத்திற்குச் சென்றாலும் மாணாக்கர் ஒரே ஒழுங்கைக் காண்பர். தனி மனிதர்க்கேற்ற நெகிழ்ச்சி இதிற் குறைவெனினும், பலரும் அஞ்சாமல் தொடங்குவதற்கு இவ்வொழுங்கு துணைபுரிந்தது.

இலண்டனில் விதித்த எல்லை

குறிக்கோளை ஆசிரியரோ மாணாக்கரோ அன்றி ஓர் அரசு நிறுவனமே விதித்த நிகழ்ச்சி இலண்டனில் நடந்தது. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952ஆம் ஆண்டில் ஐயங்காரைச் சந்தித்ததன் பயனாய் அவருடைய புகழ் ஐரோப்பாவில் பரவியது. 1960களின் இறுதியில் உள் இலண்டன் கல்வி ஆணையம் முதியோர் மாலை வகுப்புகளில் யோகத்திற்கு இடமளித்தது. ஆயினும் அது உடற்கல்வியாகவே அமைய வேண்டும். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்பிக்கலாம். அதற்கப்பால் செல்லலாகாது என எல்லை வகுக்கப்பட்டது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கல்விக்கு அது நியாயமாகப்பட்டது. யோகத்தை முழு வாழ்வு நெறியாகக் கண்டோர்க்கோ அது குறையாகத் தோன்றியது.

ஐயங்கார் அவ்வெல்லைக்குள் நின்றே துல்லியத்தை வளர்த்தார். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த 'யோக ஒளி' என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நூலின் பின்னிணைப்பில், 300 வாரங்களுக்கு நீளும் படிமுறைப் பாடத்திட்டம் உள்ளது. கட்டை, வார், கயிறு, நாற்காலி முதலிய துணைக்கருவிகளால், வளையாத உடலும் ஆசனத்தின் பயனைப் பெற வழிகண்டார். பழகாத ஆசனத்தால் கால் தசை கிழிந்த சிறுவர், பிறருடைய தசை கிழியாதிருக்கக் கட்டையும் வாரும் கொண்டுவந்தார் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் உண்மையாகும்.

வரலாறு உணர்த்துவது

2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது. இன்று திடல்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே ஆசனத்தைச் செய்கின்றனர். ஒற்றுமையை வெளிப்படுத்துவதே அங்கு நோக்கம் என்பதால் அம்முறை ஏற்புடையதே. ஆனால் திடலின் இலக்கை ஊர்ப் பொதுமண்டபத்து வாராந்தர வகுப்புக்குள் கொண்டுவந்தால், முதுகுவலியோடு வந்தவர் மேலும் வலியோடு திரும்ப நேரிடும்.

ஆகவே ஆசிரியர் ஒருவர் வகுப்பைத் திட்டமிடும்போது சில வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நன்று. வந்திருப்போர் யாவர்? இன்று அவர்கள் பெற்றுச் செல்ல வேண்டிய ஒன்று எது? அதற்கு உதவாத பயிற்சி எதுவும் இதில் புகுந்துள்ளதா? தொடங்கிய இடத்திற்கு அவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொணரும் வழி உண்டா? இவற்றினும் முதன்மையானது, இக்குறிக்கோள் யாருடையது என்னும் வினா. அது மாணாக்கரின் தேவையிற் பிறந்ததா, ஆசிரியரின் பெருமிதத்திற் பிறந்ததா என்பதை ஆசிரியரின் மனச்சான்றே அறியும்.

கிருஷ்ணமாச்சாரியாரின் கல்வி மைசூரில் ஒன்றும் சென்னையில் ஒன்றுமாக இருந்ததில்லை. அதே நூலறிவு, அதே ஆசனங்கள். மாறியது குறிக்கோள் ஒன்றே. அம்மாற்றம் ஓரிடத்தில் காயத்தையும் மற்றோரிடத்தில் நல்லுறக்கத்தையும் தந்தது. யோகம் கற்பிக்கப் புகுவோர் ஆசனங்களின் பெயர்களை மனனம் செய்யுமுன் இவ்வரலாற்றை மனத்திற் கொள்வாராயின், அவர்தம் வகுப்பு நாடி வருவோர்க்கு நலம் பயக்கும்.