பெட்டி மட்டும் போதுமா? ஆஸ்போர்ன் 1 கணினியும் அதோடு பிழைக்க வேண்டியவையும்

தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை முதன்முதலில் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர், திருவண்ணாமலையில் தமிழ் பேசி வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையன். சொன்னா நிறைய பேர் நம்புறதில்ல. ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், ரமண மகரிஷியின் பக்தர். பின்னாளில் ரமணாசிரமத்தின் 'தி மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர்தான். அம்மா போலந்துக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது அப்பா தாய்லாந்தில் ஜப்பானியரின் முகாமில் அடைபட்டுக் கிடக்க, அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடம் கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்தார். அப்புறம் இங்கிலாந்து. பர்மிங்காமில் பட்டம், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியலில் டாக்டர் பட்டம். கடைசியில் உடல்நலம் கெட்டு கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறிப்பு அவர் விற்ற இயந்திரத்தைப் பற்றியது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழசான ஒரு கணினியை "பாதுகாத்தோம்"னு எப்போ சொல்லலாம்? கண்ணாடி அலமாரியில வச்சாலா? ஓட வச்சாலா? அதிலிருந்த ஃப்ளாப்பிகளைப் பிரதி எடுத்தாலா? இதில் எந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பாதி கைவிட்டுப் போகும் என்பதுதான் என் எண்ணம்.

பெட்டிக்குள் இருந்தது

ஆஸ்போர்ன் 1 வெளிவந்தது 1981 ஏப்ரலில். விலை 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ. மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் இசட்-80 பிராசசர், 64 கிலோபைட் ரேம், இரண்டு ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவ், நடுவில் 5 அங்குல பிக்சர் டியூப். வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டீன். கலிஃபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களை நடத்தியவர்.

திரை சின்னது என்பதால் ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். ஆனால் நினைவகத்தில் ஒரு வரிக்கு 128 எழுத்துக்கு இடம் உண்டு. மீதியைப் பார்க்கணும்னா விசையை அழுத்தித் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ரயில் ஜன்னல் வழியாக ஊரைப் பார்க்கிற மாதிரி.

ஆஸ்போர்னின் சாமர்த்தியம் இன்னொன்றில் இருந்தது. சிபி/எம் இயங்குதளம், வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், இரண்டு வகை பேசிக் எல்லாவற்றையும் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். தனித்தனியாக வாங்கினால் மென்பொருளுக்கே கிட்டத்தட்ட கணினியின் விலை ஆகியிருக்கும். உச்சத்தில் மாதம் 10,000 விற்றது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால்.

ஒரு நாவல் மாட்டிக்கொண்ட கதை

இந்தப் பெட்டியை வாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்க நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன். 1952-ல் 'இன்விசிபிள் மேன்' எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். இரண்டாவது நாவலைப் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1967-ல் வீட்டில் தீப்பிடித்துக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதி போனது. 1982-ல் ஆஸ்போர்ன் 1 வாங்கினார், பிறகு அதே கம்பெனியின் அடுத்த மாடல், அப்புறம் ஐபிஎம். 1994-ல் இறக்கும்போது நாவல் முடியவில்லை.

அவர் கடைசியாகத் திருத்திய வடிவங்கள் காகிதத்தில் மட்டும் இல்லை, ஃப்ளாப்பிகளிலும் இருந்தன. அவருடைய ஆவணங்கள் இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 2010-ல் 'த்ரீ டேஸ் பிஃபோர் த ஷூட்டிங்' என்று அந்த முடியாத நாவலைப் பதிப்பித்தபோது, பதிப்பாசிரியர்கள் அந்தக் கணினிக் கோப்புகளை வைத்துத்தான் அதன் பெரும்பகுதியை அமைக்க முடிந்தது. ஒரே காட்சிக்குப் பல வடிவங்கள், எது கடைசி என்பதே ஆராய்ச்சி.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஃப்ளாப்பிகளை "பழைய குப்பை"ன்னு யாராவது தூக்கிப் போட்டிருந்தால், தீ செய்ததையே குப்பைத்தொட்டியும் செய்திருக்கும்.

ஃப்ளாப்பியைப் படிப்பது

ஆஸ்போர்ன் 1-இன் ஆரம்பகால ஃப்ளாப்பியில் 40 தடங்கள், தடத்துக்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட். பெருக்கினால் 1,02,400. இதில் மூன்று தடம் இயங்குதளத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது சுமார் 92 கிலோபைட். தட்டச்சுப் பக்கத்தில் சொன்னால் ஏறக்குறைய 45 பக்கம். ஒரு பெரிய நாவல் ஏன் பல ஃப்ளாப்பிகளில் துண்டு துண்டாகச் சிதறுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மூன்றரை அங்குலத்துக்கானது. அது இதற்கு உதவாது. பழைய பிசி ஒன்றைக் கண்டுபிடித்து ஐந்தேகால் அங்குல டிரைவை மாட்டினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஆஸ்போர்ன் முதலில் பயன்படுத்தியது ஒற்றை அடர்த்திப் பதிவுமுறை. பல பிசிகளின் ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்கு அதைப் படிக்கவே தெரியாது.

அதனால் இப்போது பலரும் செய்வது வேறு. கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சின்ன போர்டுகளைப் பழைய டிரைவுக்கும் இன்றைய கணினிக்கும் நடுவில் மாட்டுகிறார்கள். இவை கோப்புகளைத் தேடுவதில்லை. டிஸ்க்கின் மேல் காந்தத் திசை எந்தெந்த இடத்தில் மாறுகிறது, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அப்படியே பதிவு செய்கின்றன. என்ன பதிவுமுறை, என்ன கோப்பு என்ற கேள்விகளைப் பிறகு மென்பொருளிடம் விட்டுவிடலாம். 100 கிலோபைட் ஃப்ளாப்பிக்கு இந்தப் பதிவு பல மெகாபைட் வரும். வரட்டும், இன்றைக்கு இடமா பஞ்சம்? அதிலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்த ஒரு பிரதியையும் எடுத்து, இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

டிரைவில் போடுவதற்கு முன் சில வேலை இருக்கிறது. ஃப்ளாப்பியின் ஓரத்தில் உள்ள வெட்டை டேப்பால் மூடிவிட வேண்டும். அப்போதுதான் தவறியும் அதன்மேல் எழுத முடியாது. பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பூச்சு உதிரும் டிஸ்க்கை அப்படியே ஓட்டினால் டிரைவின் தலையில் துகள் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். ஒரு டிஸ்க் ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்ற நினைப்போடு வேலை செய்வது உத்தமம்.

முழு டிஸ்க்கையும் பிரதி எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிபி/எம்-இல் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் ஒரு குறி மட்டும்தான் மாறும். எழுத்தெல்லாம் அங்கேயே கிடக்கும், மேலே வேறு எதையாவது எழுதும் வரை. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இது போய்விடும். முழுசா எடுத்தால், எழுத்தாளர் வேண்டாமென்று அழித்த பத்தியும் திரும்பி வரும். அதைப் பொதுவில் வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. அழிச்சதுக்கு அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்குமே. பத்திரப்படுத்துவது ஒன்று, வெளியிடுவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எட்டாவது பிட்

பிரதி எடுத்தாச்சு. கோப்பைத் திறந்தால் என்ன தெரியும்? வேர்ட்ஸ்டார் கோப்பை இன்றைய எடிட்டரில் திறந்தால் பல சொற்களின் கடைசி எழுத்து விநோதமான ஏதோ குறியாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கெடவில்லை. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். மிச்சமிருந்த எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் தன் சொந்தக் குறிப்புக்கு வைத்துக்கொண்டது. சொல்லின் கடைசி எழுத்தில் அந்த பிட்டை ஏற்றி வைப்பது அதன் பழக்கம்.

எட்டாவது பிட்டை எல்லா இடத்திலும் தட்டிவிட்டால் படிக்க முடியும்தான். ஆனால் அதே பிட் இன்னொரு வேலையும் செய்கிறது. வரி நிறைந்ததால் இயந்திரம் தானாக மடக்கிய வரி எது, எழுதியவர் ரிட்டர்ன் விசையைத் தட்டி முடித்த வரி எது என்ற வேறுபாடும் அதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுத் துடைத்தால் பத்தி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். அதனால் படிக்கத் தோதான வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள் என்பதுதான் விதி.

காகிதம் எதற்கு?

டிஜிட்டலாக எடுத்தாயிற்றே, கையேடும் உறையும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்போர்னில் வந்த சிபி/எம் பதிப்பு, கோப்பு எந்தத் தேதியில் உருவானது என்பதைக் குறித்து வைப்பதே இல்லை. ஃப்ளாப்பி லேபிளில் பேனாவால் எழுதிய ஒரு மாதமும் வருஷமும்தான் பல சமயம் ஒரே சாட்சி. அந்த லேபிளை முன்பின் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பிரதிக்கும் அதே எண் கொடுத்து வைக்கவில்லை என்றால் எது முந்தியது, எது பிந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பெனியின் வரலாற்றுக்கும் இதே கதைதான். "ஆஸ்போர்ன் விளைவு" என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வார்கள். எக்ஸிகியூட்டிவ் என்ற அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்தார், ஜனங்கள் பழையதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், கம்பெனி மூழ்கியது என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1982-லேயே கேப்ரோ அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு வந்து நின்றது. மீந்துபோன பழைய போர்டுகளை வீணாக்கக் கூடாதென்று அவற்றுக்குப் புதிதாகப் பெட்டியும் டியூபும் வாங்கப் பெரும்பணம் செலவழித்ததே காரணம் என்ற விளக்கமும் பிற்பாடு வந்தது. இவற்றில் எது எவ்வளவு உண்மை என்பதை நீதிக்கதை தீர்க்காது. தேதியிட்ட விலைப்பட்டியலும் விளம்பரமும், கம்பெனி நடத்திய 'தி போர்ட்டபிள் கம்பேனியன்' இதழும், 'ஃபாக்' என்ற பயனர் குழு வெளியிட்ட செய்தி மடல்களும்தான் தீர்க்க உதவும். சாதாரணமாக முதலில் எடைக்குப் போவதும் அவைதான்.

அப்படியானால் இயந்திரம்?

மேம் என்ற இலவச எமுலேட்டரில் ஆஸ்போர்ன் 1 இன்று ஓடுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பிரவுசருக்குள்ளேயே அதில் வேர்ட்ஸ்டாரைத் திறந்து பார்க்கலாம். அப்புறம் 11 கிலோ பெட்டி எதற்கு?

இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, எமுலேட்டர் சரியாக ஓடுகிறதா என்று ஒப்பிட அசல் ஒன்று வேண்டும். அதன் ரோம் (ROM) சிப்பிலிருந்து எடுத்த சில கிலோபைட் இல்லாமல் எமுலேட்டரே இல்லை. இரண்டாவது, 27 அங்குல மானிட்டரில் ஓடும் வேர்ட்ஸ்டார், எலிசன் பார்த்த வேர்ட்ஸ்டார் அல்ல. உள்ளங்கை அளவுத் திரையில், வரியின் ஒரு பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு எழுதுவது எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தப் பெட்டிதான் சொல்லும்.

ஆனால் பழைய பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். எந்த வோல்டேஜுக்கு அமைத்தது என்று முதலில் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் நம்மூர் மின்சாரத்தில் பாதிதான். அந்தக் காலத்து பவர் சப்ளைகளில் இருந்த காகித கெபாசிட்டர்கள் வெடிப்பு விட்டு, ஈரம் ஏறி, மின்சாரம் பாய்ந்த கொஞ்ச நேரத்தில் புகை விடுவது சகஜம். பிக்சர் டியூபில் உயர் அழுத்தம் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. பழுப்பேறிய பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு போட்டு வெளுப்பாக்குவதும் அவசியமில்லை. அந்தப் பழுப்பும் வரலாறுதான்.

நம்ம வீட்டுப் பரண்

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஆஸ்போர்ன் இருக்காது. ஆனால் தொண்ணூறுகளின் ஃப்ளாப்பி இருக்கும். யூனிகோடுக்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் டிடிபி செய்த சிற்றிதழ், கவிதைத் தொகுப்பு, ஊர் வரலாறு எல்லாம் அந்தந்த எழுத்துருவோடு பூட்டப்பட்டவை. எழுத்துரு தொலைந்தால் கோப்பு திறக்கும், தமிழ் தெரியாது. வேர்ட்ஸ்டாரின் எட்டாவது பிட் விவகாரத்தைவிட இது மோசம்.

அதனால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஃப்ளாப்பியையும் அதன் லேபிளையும் படம் எடுங்கள். வெட்டை மூடுங்கள், மூன்றரை அங்குலம் என்றால் எழுதத் தடை போடும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்துங்கள். எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். படிக்கிற கருவியை இன்னும் இருபது வருஷம் கழித்தும் யாராவது செய்துவிடுவார்கள். அந்தத் தாளில் இருப்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.