கணினியின் ஸ்லீப், ஹைபர்நேட் நிலைகள்

திறந்து வைத்த வேலையை மூடாமலேயே கணினியை ஓய்வுக்கு அனுப்ப உள்ள இரண்டு வழிகள் ஸ்லீப், ஹைபர்நேட். இரண்டிலும் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம். ஸ்லீப்பில் எல்லாம் ரேமிலேயே இருக்கும். திரையும் வட்டும் செயலியும் அணைந்துவிட, ரேமுக்கு மட்டும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது நின்றால் சேமிக்காத வேலை போனதுதான். ஹைபர்நேட்டில் ரேமில் இருந்தது வட்டில் எழுதப்பட்டு, கணினி அறவே அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஸ்லீப்பிலிருந்து ஓரிரு நொடியில் எழலாம். ஹைபர்நேட்டிலிருந்து எழக் கூடுதல் நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டி பொருத்திய கணினியில் அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் பொது வரையறை இவற்றுக்கு எஸ்3, எஸ்4 என்று பெயரிட்டது. விண்டோஸ் 2000 முதல் ஹைபர்நேட் இயங்குதளத்தின் சொந்த வசதியானது.

சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் மின்தடை கணினியைத் தொடுவதில்லை. அலுவலகங்களில் ஜெனரேட்டர் உண்டு. 2020-க்குப் பின் வேலை வீட்டுக்கு வந்தபோதுதான் படூர், நாவலூர், தாம்பரம் வீடுகளில் இந்த இரண்டு நிலைகளின் வேறுபாடு முக்கியமானது. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த நாளில் மேசைக் கணினியை ஸ்லீப்பில் விட்டுப் போவது சூதாட்டம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரை கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகரின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. ஸ்லீப்பில் கிடக்கும் மடிக்கணினி பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகத் தின்றுகொண்டே இருக்கும். ஹைபர்நேட்டில் உள்ளது ஏறக்குறைய எதையும் எடுக்காது.

மின்சாரம் போனால் ஸ்லீப்பில் வேலை போய்விடும் குறையை உணர்ந்துதான் விண்டோஸ் விஸ்டாவில் ஹைப்ரிட் ஸ்லீப் வந்தது. ரேமிலும் வைத்துக்கொண்டு வட்டிலும் ஒரு படியை எழுதிவைக்கும். மின்சாரம் போகாவிட்டால் சட்டென்று எழும், போனால் வட்டிலிருந்து எழும். மேசைக் கணினிக்கு ஏற்ற ஏற்பாடு இதுவே. யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் யுஎஸ்பி கம்பியையும் கணினியில் செருக வேண்டும். அப்போதுதான் பேட்டரி தீரும் தறுவாயில் கணினி தானே ஹைபர்நேட்டுக்குப் போகும். பலர் அந்தக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, யுபிஎஸ் கீக் கீக்கென்று கத்தும்போது சேவ் செய்ய ஓடுகிறார்கள்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 ஸ்லீப் இல்லை. அதற்குப் பதிலாக இருக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை, கைப்பேசியைப் போல மூடிய பின்னும் இணையத்தில் இருந்து மின்னஞ்சலையும் அப்டேட்டையும் வாங்கிக்கொண்டிருக்கும். சிறுசேரியில் மூடியை மூடிப் பையில் திணித்துக் கம்பெனி பஸ் ஏறுகிறவர், தாம்பரத்தில் இறங்கும்போது பையின் முதுகுப்பக்கம் சுடுவதை உணரலாம். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரியும் பாதியாகியிருக்கும். மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் 10-இல் பவர் பட்டியலில் ஹைபர்நேட் இயல்பாகத் தென்படாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஹைபர்நேட்டுக்கு டிக் இட வேண்டும். இவ்வளவு பயனுள்ளதை ஒளித்து வைத்தது, மின்சாரம் போகாத ஊரில் உட்கார்ந்து எடுத்த முடிவு போலிருக்கிறது. ஹைபர்நேட்டுக்கான கோப்பு சி டிரைவில் ரேம் அளவில் சுமார் 40 விழுக்காட்டைப் பிடிக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். அடிக்கடி எழுதுவதால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற அச்சம் இன்றைய வட்டுகளுக்குப் பொருந்தாது.

பாதுகாப்பு நோக்கிலும் ஹைபர்நேட்டுக்கே முன்னுரிமை. ஸ்லீப்பில் வட்டைப் பூட்டும் மறையாக்கச் சாவி ரேமில் தங்கிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குளிர்வித்த ரேமிலிருந்து அதை மீட்க முடியும் என்று 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினர். மறையாக்கிய வட்டில் ஹைபர்நேட் செய்தால் நினைவகப் படியும் பூட்டுக்குள்ளேயே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை, ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்கு. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளிலும் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. விண்டோஸ் ஹைபர்நேட்டில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து அதன் வட்டுப் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையலாம். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் இதே ஆபத்துதான். ஏனெனில் அப்போது இயங்குதளத்தின் கரு மட்டும் ஹைபர்நேட் ஆகிறது. இரண்டையும் பயன்படுத்துவோர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வைப்பது நல்லது.